அறிக்கையில் ஒரு நாக்கு, அவையில் ஒரு கை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்கள் வந்து குவியும் இடமும் அதுதான். மாலை மரியாதையோடு வருவோர் உண்டு. மேளதாளத்தோடு வருவோர் உண்டு. முதல் நாள் இரவு பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, கால் வீங்க வருவோரும் உண்டு. கால் அவருடையது, வலியும் அவருடையது. அதில் நமக்கு வழக்கில்லை. நமக்குள்ள வழக்கெல்லாம் அவர் கையில் பிடித்திருக்கும் காகிதக் கட்டோடுதான்.

அந்தக் கட்டிலே பிரமாணப் பத்திரம் ஒன்று இருக்கிறது. படிவம் 26 என்பது அதன் பெயர். 2002-லும் 2003-லும் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் வந்த நன்மை அது. வேட்பாளருக்கு எத்தனை ஏக்கர் நிலம், மனைவிக்கு எத்தனை சவரன் நகை, வங்கியிலே எவ்வளவு கடன், நீதிமன்றத்திலே எத்தனை வழக்கு, எதுவரை படித்தார் என்றெல்லாம் அதிலே எழுதியாகவேண்டும். நல்ல ஏற்பாடுதான், வரவேற்கிறோம். ஆனால் தோழர்களே, ஏற்கெனவே ஐந்தாண்டுக் காலம் அவையிலே அமர்ந்து, மீண்டும் எம்மையே அனுப்புங்கள் என்று கேட்க வருகிறாரே ஒருவர், அவரும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார். மனைவியின் வளையலைக் கேட்கிற படிவம், மக்கள் தந்த வாக்கை அவர் அவையிலே என்ன செய்தார் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை! எந்த மசோதாவுக்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார், எந்த நேரத்தில் எழுந்து வெளியே போனார் என்பதற்கு அதிலே கட்டமே கிடையாது.

ஆகவே அந்தக் கட்டத்தை நாமே வரைந்து, நாமே நிரப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. தேர்தல் அறிக்கை என்பதும் ஓர் இலக்கிய வகையாகிவிட்ட காலம் இது. அணிந்துரை உண்டு, அடுக்குமொழி உண்டு, உவமை உண்டு, உருக்கம் உண்டு. அதை மூலமாகக் கொண்டால், அவை நடவடிக்கைக் குறிப்பிலே பதிவாகும் வாக்குகளே அதற்குரிய உரை. மூலமும் உரையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது திறனாய்வாளன் வேலை. அந்த வேலையைத்தான் இங்கே செய்யப் புகுகிறோம்.

2021 மார்ச்சில் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் சட்டமன்றத் தேர்தலுக்கென வெளியிட்ட அறிக்கையிலே ஒரு வாக்குறுதி: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்பது. படித்தவர் உள்ளம் குளிர்ந்திருக்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்காளதேசம் என்னும் மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்துசேர்ந்தவருள் ஆறு மதத்தாருக்கு மட்டும் வழிதிறந்து, முஸ்லிம்களை வாசலிலே நிறுத்திய சட்டம் அது. இலங்கையோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்து, தமிழ்நாட்டு முகாம்களிலே தலைமுறை கண்டுவிட்ட ஈழத் தமிழரைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. 1987 ஜூலைக்குப் பின் முகாமிலே பிறந்த குழந்தையாயினும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை பெற்றவராக இல்லாவிடில், பிறந்த மண் அதற்குச் சொந்த மண் ஆவதில்லை. அப்படிப்பட்ட சட்டம் வேண்டாம் என்று ஒரு கட்சி சொன்னால் யார்தான் மகிழமாட்டார்?

மூலத்தைப் பார்த்துவிட்டோம், உரையைப் பார்ப்போம். 2019 டிசம்பர் 11. மாநிலங்கள் அவையிலே அந்த மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. அந்த 125-க்குள் அண்ணா திமுகவின் பதினொரு வாக்குகளும், பாட்டாளி மக்கள் கட்சியின் ஒரு வாக்கும் அடக்கம். பன்னிரண்டு தமிழ்நாட்டு வாக்குகள்! இந்தப் பன்னிரண்டையும் ஆதரவுப் பக்கத்திலிருந்து எடுத்து எதிர்ப்புப் பக்கத்திலே வைத்துக் கூட்டிப் பாருங்கள்; சிறுவனும் போடக்கூடிய கணக்கு. ஆதரவு 113, எதிர்ப்பு 117. மசோதா அன்றிரவே வீழ்ந்திருக்கும். இந்தியத் துணைக்கண்டத்து அரசியலிலே தமிழனின் கைக்கு வரலாறு வாய்ப்பளித்த நேரங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றிலே அந்தக் கை இப்படி உயர்ந்தது.

ஈழத் தமிழரையும் சேர்க்கவேண்டுமென்று அவையிலே கேட்டோமே என்று அக்கட்சித் தோழர்கள் சொல்வார்கள். கேட்டது உண்மை. கேட்டது கிடைக்காதபோதும் வாக்கைக் கொடுத்தது அதைவிட உண்மை. கடைக்காரன் பொருளைத் தராதபோதே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவனை ஊரார் என்னவென்று அழைப்பார்கள்? பதினைந்து மாதம் கழித்து, வாக்குச்சாவடி கண்ணுக்குத் தெரிந்தவுடன், திரும்பப் பெறுக என்று அறிக்கையிலே அச்சேறிற்று. எந்தக் கை அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்ததோ, அந்தக் கையே அதற்கு இரங்கற்பா எழுத முன்வந்தது! 2024 மார்ச் 11 அன்று அச்சட்டத்தின் விதிகளும் அறிவிக்கப்பட்டன.

மாற்றார் வீட்டு ஓட்டையைக் காட்டிவிட்டு நம் வீட்டுக் கூரையைப் பார்க்காமல் போவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஆகவே திராவிட முன்னேற்றக் கழகத்தின் பக்கம் திரும்புகிறோம்.

2012 செப்டம்பர் 14-இல் மன்மோகன் சிங் அமைச்சரவை, பலசரக்குச் சில்லறை வாணிபத்திலே 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை அனுமதித்தது. கழகம் எதிர்த்தது. அரசில் பங்காளியாக இருந்துகொண்டே, செப்டம்பர் 20-இல் நடந்த நாடு தழுவிய கடையடைப்பை ஆதரித்தது. மாட வீதியிலே தேங்காயும் சூடமும் விற்றுப் பிழைப்பவன் முதல், தண்டராம்பட்டுச் சந்தையிலே மிளகாய் நிறுத்துக் கொடுப்பவன் வரை, நமக்காகப் பேச ஆளிருக்கிறது என்று நம்பினான். டிசம்பர் 5 வந்தது. அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொல்லும் தீர்மானம் மக்களவையிலே வாக்குக்கு வந்தபோது, ஆதரவு 218, எதிர்ப்பு 253. கழகத்தார் நின்றது 253-இன் பக்கம்! அந்நிய முதலீட்டை எதிர்க்கிறோம்; ஆனால் ஆட்சி கவிழ்ந்து மதவாதம் அரியணை ஏற விடமாட்டோம் என்பது சொல்லப்பட்ட காரணம்.

காரணத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. இரண்டு தீமைகளுக்கிடையே ஒன்றைத் தேர்வது அரசியலிலே நேர்வதுதான். அந்த அனுமதிகூட மாநில அரசு விரும்பினால்தான் மாநிலத்துக்குள் நுழையும் என்ற நிபந்தனையோடு வந்ததையும் மறைக்கவில்லை. ஆயினும் கணக்கு கணக்குத்தானே? கழகத்துக்கு அன்று மக்களவையிலே 18 உறுப்பினர். அனைவரும் வந்திருந்து, அனைவரும் மறுபக்கம் வாக்களித்திருந்தால் 235-க்கு எதிராக 236. ஒரே ஒரு வாக்கிலே தீர்மானம் நிறைவேறியிருக்கும்! எந்த ஆட்சி கவிழக்கூடாது என்று டிசம்பரிலே அஞ்சினார்களோ, அதே ஆட்சியைவிட்டு 2013 மார்ச் 19-இல் ஈழப் பிரச்சினைக்காகக் கழகம் வெளியேறிற்று. ஆட்சியும் கவிழவில்லை, 2014 தேர்தல் வரை இருந்தது. வெளியேறியதைக் குறைகூறவில்லை. மூன்று மாதத்துக்கு முன் சொன்ன காரணத்தின் எடை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க இந்தத் தேதி உதவுகிறது, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட நெஞ்சைத் தைப்பது ஒன்றுண்டு. 2002 மார்ச் 26. பொடா மசோதா மாநிலங்கள் அவையிலே தோற்றுவிட்டபடியால், இரு அவைகளையும் கூட்டி உட்காரவைத்து வாக்கெடுத்தார்கள். குடியரசு தோன்றிய பிறகு அப்படி நடந்தது மூன்றே முறை. 425-க்கு 296 என்று நிறைவேறிற்று. வாஜ்பாய் அரசின் தோழமைக் கட்சிகளாயிருந்த திமுகவும் மறுமலர்ச்சி திமுகவும் அன்று ஆதரவுப் பக்கம். விசாரணையின்றி மாதக்கணக்கிலே அடைத்துவைக்க வழிசெய்யும் சட்டம் என்பது தெரிந்தேதான் ஆதரித்தார்கள். ஜூன் 29-இல் திருமங்கலத்திலே வைகோ பேசினார். ஜூலை 11-இல் அவர் கைதானார். எந்தச் சட்டத்தின்படி? அதே பொடாவின்படி! இங்கிருந்து வடக்கே இருக்கும் வேலூர்ச் சிறையிலே ஏறக்குறைய பத்தொன்பது மாதம். பழ. நெடுமாறனும், சுப. வீரபாண்டியனும், நக்கீரன் கோபாலும் அச்சட்டத்துக்கே இரையானார்கள். அவர்களுக்கு வாக்களிக்க நாடாளுமன்றத்திலே இருக்கை இருந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். வாக்களித்தவர் பட்டது ஒருபுறம் இருக்கட்டும். வாக்கே இல்லாதவரும் அல்லவா பட்டார்கள்!

‘தனி மனிதரைக் குறைசொல்லிப் பயனென்ன? கொறடா உத்தரவு இருக்கிறதே!’ என்று ஒரு நண்பர் குறுக்கிடுகிறார். நியாயமான குறுக்கீடு. 1985-இல் வந்த 52-ஆம் திருத்தம், கட்சிக் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்க வழிசெய்கிறது. ஆகவே இந்நாட்டிலே வாக்குப் பதிவு பெரும்பாலும் கட்சியின் பதிவே, ஆளின் பதிவன்று. அதற்காக ஆள் தப்பிவிடுவதில்லை. அந்தக் கட்சியின் சின்னத்திலே நிற்கச் சம்மதித்தவர், அதன் வாக்குக்கும் உடையவர்தானே? கட்டளையை மீறியவர் கதையும் நாம் கண்டதே. 2017 பிப்ரவரி 18-இல் சட்டமன்றத்திலே எடப்பாடி பழனிசாமி அரசின்மீது நம்பிக்கையில்லை என்று ஓ. பன்னீர்செல்வத்தோடு பத்துப்பேர் வாக்களித்தார்கள். 122-க்கு 11. அதே ஆண்டு ஆகஸ்டிலே, நம்பிக்கையில்லை என்ற அதே அரசிலே அவர் துணை முதலமைச்சர் ஆனார்!

வெளிநடப்பு என்றொரு கலையும் இருக்கிறது. 2019 சனவரியிலே உயர் சாதி ஏழைகளுக்கென்று பத்து விழுக்காடு ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அண்ணா திமுக அதைக் கண்டித்துப் பேசிற்று, நன்றாகவே பேசிற்று. மேகதாது அணைக்காகக் குரலெழுப்பி அதன் உறுப்பினர் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நேரம். எஞ்சியிருந்தோர் வாக்கெடுப்புக்கு முன் வெளியேறினார்கள். மக்களவையிலே 323-க்கு 3. திருவண்ணாமலைத் தொகுதியும் அன்று அக்கட்சியிடமே இருந்தது. மறுநாள் மாநிலங்கள் அவையில் 165-க்கு 7. அங்கும் அது வெளிநடப்பே. அந்த எழுவருள் திமுகவினர் இருந்தார்கள். இவர்கள் உட்கார்ந்திருந்தாலும் திருத்தம் நிறைவேறியே இருக்கும், மறுப்பில்லை. ஆனால் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. எழுந்து போகிறவர், எதிரிக்கு வேண்டிய தொகையைக் குறைத்துவிட்டுப் போகிறார். பேச்சிலே எதிர்ப்பு; கணக்கிலே உதவி.

பதிவே இல்லாமல் போவது இன்னொரு கேடு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலே முடிந்துவிடுகின்றன. யார் குரல் எது என்று எந்த ஏட்டிலும் இராது. 2020 செப்டம்பர் 20-இல் வேளாண் மசோதாக்களுக்குத் தலையெண்ணி வாக்கெடுக்கச் சொல்லித் திருச்சி சிவா உள்ளிட்டோர் கேட்டும், குரலிலேயே முடித்தார்கள். மக்களவையிலே பொத்தான் அழுத்திப் பதிவுசெய்யும் இயந்திரம் வந்தது 1957-இல். இதே திருவண்ணாமலை, இரா. தர்மலிங்கத்தை அனுப்பிய ஆண்டும் அதுவே. அவரும் நாமக்கல்லிலிருந்து சென்ற ஈ.வெ.கி. சம்பத்தும், கழகத்தின் முதல் இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு நடுவே இருவர்! வெல்லும் எண்ணிக்கை அவர்களிடம் இல்லை. பதிவுசெய்யும் பொத்தான் இருந்தது.

வேங்கிக்காலுக்கு அடுத்த முறை காகிதக் கட்டோடு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும், நம் இளைஞர் அவரிடம் கேட்பதற்குத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும்: 2002 மார்ச் 26, 2012 டிசம்பர் 5, 2019 சனவரி 8, 2019 டிசம்பர் 11. அன்றைக்கு உங்கள் கட்சி எந்தப் பக்கம், ஐயா? அவையிலே இருந்தவரானால் இன்னொன்றும் கேட்கலாம்: நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், பச்சையா, சிவப்பா, மஞ்சளா?