துயருற்றோர் சொல்லும் ஆய்வாளர் அறமும்

எவர்க்கும் தீங்கு விளையாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். பேரிடரினின்று உயிர் தப்பியோரை வினவி எழுதப்படும் ஆய்வுகளை அளத்தற்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை. சொன்னவரின் புண்ணைக் கிளறிப் பெறும் செய்தி உண்மையாயினும் வாய்மை ஆகாது.

நம் மாவட்டம் இத்தகைய இடர்கள் பலவற்றைக் கண்டது. 1986 ஏப்ரல் 20-இல் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசெம்பர் 26-இல் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையை அழித்தது. அதன்பின் எழுந்த ஆய்வறச் சிக்கல்களை அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005-இல் 'லான்செற்' மருத்துவ இதழில் எடுத்துரைத்தனர். நிவாரணம் தருபவரே வினாப்பத்திரமும் நீட்டுவாராயின், பசித்தவர் மறுத்தல் எங்ஙனம்? அங்கே பெறும் கையொப்பம் இசைவன்று, இயலாமையே.

இந்நோக்கில் 'முறிந்த பனை' நம் கருத்துக்குரியது. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், சிறீதரன், ராஜினி திராணகம ஆகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய இந்நூல் 1990-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. போர்க்காலத்துப் பெண்களின் பாடுகளை உரைக்கும் பகுதி ராஜினி எழுதியது. உடற்கூற்றியல் கற்பித்த அவர், அப்பெண்களோடு ஒரே மண்ணில் ஒரே அச்சத்துள் வாழ்ந்தவர். 1989 செப்டெம்பர் 21-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். தம்மைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டு பிறரை மட்டும் பேசச் செய்தாரல்லர் என்பதே அவ்வெழுத்தின் தகுதி. பெண்களை அழுவோராக மட்டுமன்றி, தாங்கி நின்றோராகவும் அவர் கண்டனர்.

எனினும் ஒரு குறையையும் சுட்டல் வேண்டும். தமிழாக்கம் பின்னரே வந்தது. ஆகவே, தமிழ் மட்டுமே அறிந்த பெண்கள் தம்மைப் பற்றிய நூலை அப்போது தாமே படித்தல் இயலாதாயிற்று. போர்ச் சூழல் இதற்குப் பெரிதும் காரணமாகலாம். அமைதிக் காலத்து ஆய்வாளர்க்கு அக்காரணம் இல்லை.

நாளை நம் மாணவரொருவர் கந்தளாய் அணை உடைப்பை ஆராயப் புகுவாராயின், எதனை வினவலாம் என்பதை முதற்கண் உயிர் தப்பியோரிடமே கேட்பாராக. இடையில் நிறுத்தும் உரிமையை அவர்க்கு நல்குவாராக. முடிவினைச் சிங்களத்திலும் தமிழிலும் அவ்வூரார்முன் வைத்து, அவர் திருத்துவனவற்றை ஏற்பாராக. அங்ஙனம் செய்யின் பட்டத்திற்குச் சில திங்கள் தாழ்க்கலாம், ஆய்வு வாய்மையாகும்.