வணக்கமும் மீட்பும்: கொச்சிப் பதிப்பு முதல் இன்றுவரை மனிதன்–இறைவன் உறவுச் சொற்கள்

1. சிக்கல்

தமிழ் அச்சு வரலாற்றில் கொல்லமும் கொச்சியும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. பிரான்சிசு சவேரியாரின் சிறு மறைக்கல்வி நூலைத் தழுவிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபரில் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. மறு ஆண்டு நவம்பரில் கொச்சியிலிருந்த இயேசு சபைக் கல்லூரியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சேறியது. மார்க்கோசு ஜோர்ஜ் போர்ச்சுக்கீசிய மொழியில் ஆசிரியர்–மாணவர் உரையாடலாக எழுதிய நூலின் தமிழாக்கம் இது. இரண்டையும் தமிழில் தந்தவர் அண்டிரிக் அடிகளார் (1520–1600).

இந்நூல்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாளுகின்றன: கடன்சொற்கள் எத்துணை உள்ளன, நடை எத்துணைத் தூயது என்பன. இவ்வளவுகோல்கள் போதா என்பதே இக்கட்டுரையின் கருத்து. மனிதன் எதன்பொருட்டுப் படைக்கப்பட்டான், படைத்தவனோடு அவனுக்குள்ள உறவு யாது என்பன மறைக்கல்வி நூலின் மைய வினாக்கள். மொழிபெயர்ப்பு அவ்வுறவை எவ்வாறு அமைக்கிறது என்பதைக் கொண்டே அதனை எடைபோடுதல் வேண்டும்.

2. கற்பித்தலா, வணக்கமா?

மூலத்தின் தலைப்பில் உள்ள ‘தொக்திரீனா’ என்னும் இலத்தீனச் சொல் ‘கற்பித்தல்’ என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. தமிழாக்கத்தின் தலைப்போ ‘வணக்கம்’ என்கிறது. வணங்கு என்பது வளைதல், பணிதல் என்னும் உடற்செயலைக் குறிக்கும் வினை. அறிவைச் சுட்டிய சொல்லின் இடத்தில் செயலைச் சுட்டும் சொல் அமர்ந்துள்ளது.

இதனைப் பிழையெனத் தள்ளுவது எளிது. ஆயினும் அண்டிரிக் அடிகளார் இயேசு சபையினர். அச்சபையின் நிறுவனர் இலொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் (1548) தொடக்கத்திலேயே மனிதப் படைப்பின் நோக்கத்தை இறைவனைப் புகழ்தல், பணிந்து போற்றுதல், அவனுக்கு ஊழியம் புரிதல் என வரையறுக்கிறார். அவ்வகையில் ‘வணக்கம்’ என்னும் தலைப்பு நூற்பெயரின் சொற்பொருளை விட்டு, நூல் கற்பிக்கும் வாழ்க்கை நோக்கத்தைப் பெயர்த்துத் தருகிறது எனலாம்.

3. தம்பிரான்

‘தம்பிரான்’ என்னும் சொல்லின் முன்னுறுப்பு ‘தம்’ என்னும் தற்சுட்டுப் பன்மை வடிவம். ‘எம்பிரான்’ என்பதில் உள்ள ‘எம்’ கேட்போரை விலக்கும். ‘நம்பிரான்’ என்பதில் உள்ள ‘நம்’ கேட்போரை உளப்படுத்தும். ‘தம்’ இவ்வெல்லையை வகுப்பதில்லை. எவரெவர் உளரோ அவரவர்க்குரிய தலைவன் என நிற்கிறது. இது உறவுப்பெயர்; ஒருவனைத் தலைவன் என்ற அளவிலேயே அவனுக்கு உரியோரும் உடன் சுட்டப்படுகின்றனர்.

சைவ மரபில் சுந்தரர் ‘தம்பிரான் தோழர்’ எனப்படுகிறார். தலைவன்–அடியான் உறவைக் குறிக்கும் சொல் நட்புக்கும் இடந்தருகிறது என்பதற்கு இது சான்று. அடிமை, மகன், தோழன் என இறையுறவை வகைப்படுத்தும் மரபு தமிழில் முன்பே வேரூன்றியிருந்தது. ஆண்டவன் என்றும் தந்தை என்றும் ஒரே இறைவனை விளிக்கும் கிறித்தவச் செபங்கள் அம்மரபினுள்ளேயே தமிழ்ச் செவிக்கு எட்டின.

ஆனால் கொச்சியில் இச்சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. மலையாளத்தில் ‘தம்புரான்’ அரசர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் உரிய பட்டம். 1790 முதல் 1805 வரை கொச்சியை ஆண்டவர் சக்தன் தம்புரான் என்றே அறியப்படுகிறார். தம்புரான்முன் நிற்போன் தன்னை ‘அடியன்’ என்றான். இறைவனுக்கு இப்பெயர் சூட்டுவது சாதியத் தலைமைக்குத் தெய்வ ஒப்புதல் வழங்குமா? அன்றி, மண்ணுலகத் தம்புரான்களுக்கு மேல் அனைவர்க்கும் பொதுவான ஒருவனை நிறுத்துமா? சொல் இரண்டிற்கும் இடந்தருகிறது. கேரளக் கிறித்தவர் இன்றும் இறைவனை ‘உடயதம்புரான்’ என்றே அழைப்பதால் இது பழங்கதையன்று.

4. பின்வந்த சொற்கள்

1606இல் மதுரை சென்ற இராபர்ட்டு தெ நொபிலி வடசொல்வழிக் கலைச்சொற்களைப் பெருக்கினார். ‘சருவேசுரன்’ அவற்றுள் ஒன்று. அது அனைத்தின்மீதும் உள்ள ஆட்சியைத் திட்பமாக உணர்த்துகிறது. ஆயின் அவ்வனைத்தினுள் மனிதனுக்குரிய தனியிடத்தைச் சொல்லவில்லை. பப்ரிசியுசு ஆண்ட ‘பராபரன்’ இறைவனின் உயர்வைக் காட்டுகிறது, அணுக்கத்தைக் காட்டவில்லை. 1871 ஐக்கிய மொழிபெயர்ப்பின் ‘தேவன்’ ‘தேவர்’ என்னும் பன்மையை அருகிலேயே கொண்டுள்ளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கடவுள்’ என்பதை ஏற்றது. தூய்மை அளவுகோலின்படி இவ்வரிசை வளர்ச்சியே. உறவு அளவுகோலின்படி நோக்கின், தம்பிரானுக்குப் பின் வந்தவற்றுள் எச்சொல்லும் தன்னளவில் மனிதனை உடன் சுட்டுவதில்லை.

5. நோக்கம், வீடு, மீட்பு

‘எதற்காக’ என்னும் தமிழ் வினாச்சொல் காரணத்தையும் பயனையும் ஒருங்கே வினவும். சைவ சித்தாந்தத்தில் உயிர் அனாதி, படைக்கப்படாதது. எனவே ‘உயிர் எதற்காகப் படைக்கப்பட்டது’ என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை. ‘பிறவிப் பயன்’ என்று பெயர்த்தாலோ பல பிறவிகளின் நிழல் உடன் வருகிறது.

முடிவான பேற்றைக் குறிக்கும் ‘வீடு’ விடு என்னும் வினையிற் பிறந்தது. தளையை விடுதலே அதன் அடிப்பொருள். திருவிவிலியம் ‘இரட்சிப்பு’ என்பதற்கு மாற்றாக ஆளும் ‘மீட்பு’, மீள் என்னும் வினையின் பிறவினையான மீட்டல் வழி வந்தது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். இழந்த நிலத்தை மீட்கிறோம். மீட்கப்படும் பொருளுக்கு முன்னரே உரியவன் ஒருவன் உண்டு. மனிதன் தொடக்கத்திலேயே இறைவனுக்கு உரியவன், பிரிந்தவன், திரும்பக் கொணரப்படுபவன் என்னும் கிறித்தவக் கோட்பாடு முழுவதும் இவ்வொரு வினையில் அடங்கிவிடுகிறது. ‘இரட்சிப்பு’ காத்தலை மட்டுமே சொல்லிற்று. கடவுட்பெயரில் நழுவிய உறவு இங்கு வினைவழி மீண்டும் இடம்பெறுகிறது.

6. முடிவுரை

1544இல் சவேரியார் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில், விசுவாச அறிக்கையில் ‘வேணும்’ என்று சொல்லலாகாது, அது விருப்பத்தைக் குறிக்கும், நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லையே ஆளவேண்டும் எனத் திருத்தினார். ‘எனக்கு வேணும்’ என்பதில் மனிதன் நான்காம் வேற்றுமை ஏற்றுப் பெறுவோனாக நிற்கிறான். ‘நான் நம்புகிறேன்’ என்பதில் எழுவாயாகித் தன்னை ஒப்புவிக்கிறான். திருத்தம் ஒரு சொல்லில் நிகழ்ந்தது. மாறியதோ இறைவன்முன் மனிதன் நிற்கும் நிலை.

சமயநூல் மொழிபெயர்ப்பாளர் கலைச்சொற் பட்டியலோடு நிறைவடைதல் ஆகாது. ஒவ்வொரு சொல்லும் யாரை யாரோடு இணைக்கிறது, எவ்வேற்றுமையில் நிறுத்துகிறது, எம்முன்னிலையைக் கருதிக்கொள்கிறது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு நோக்கின், கடன்சொற் கலப்பின் பேரில் ஒதுக்கப்பட்ட கொச்சிப் பதிப்பு இன்றைய மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன்தரும் ஆய்வுப்பொருளே.