சொற்போரும் தரவரிசையும்

கற்றதைக் கேட்போர் உளங்கொள எடுத்துரைக்கும் ஆற்றல் கல்விக்கு அணியாகும். வள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் வகுத்தமை இதன் பெருமையைக் காட்டும். அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் நிகழும் கொள்கைச் சொற்போர் இவ்வாற்றலை இளமையிலேயே வளர்க்க எழுந்தது. அச்சொற்போரின் நலத்தையும், ஆண்டுதோறும் அதன் அணிகளுக்கு இடப்படும் தரவரிசையின் குறையையும் ஈண்டு ஆராய்வோம்.

அணிக்கு இருவர், ஆண்டு முழுமைக்கும் நாடெங்கும் ஒரே பொருள். 2023-24ஆம் கல்வியாண்டில், பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்க நடுவணரசு செல்வப் பகிர்வை மிகுதிப்படுத்த வேண்டுமா என்று வாதிட்டனர். அடுத்த ஆண்டில் அறிவுச் சொத்துரிமை பொருளாயிற்று. ஒவ்வொருவரும் 8 நிமிடம் தம் கட்சியை நிறுவிப் பேசுவர். 3 நிமிடம் குறுக்கு வினாவுக்கு விடையிறுப்பர். பின்னர் 5 நிமிடம் மறுப்புரை நிகழ்த்துவர். ஒரு சுற்றில் ஆதரித்துப் பேசியவர் மறு சுற்றில் எதிர்த்துப் பேச வேண்டும்.

இவ்விருபுற வாதமே இக்கலையின் உயிர்நாடி. 1954-55இல் கல்லூரிச் சொற்போருக்குச் செஞ்சீன அரசை அமெரிக்கா ஏற்பதா என்பது பொருளாக அமைந்தது. நாட்டின் தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் அப்பொருளில் வாதிடத் தம் மாணவரை விடவில்லை. பகைவர் கட்சியைப் பேசுவதே தவறு என்பது அந்நாளைய அச்சம். ஆயினும் மாற்றான் நியாயத்தை அவனினும் நன்றாக எடுத்துரைக்கக் கற்றவனே தன் நியாயத்தின் வலிவையும் மெலிவையும் அறிவான். இந்நலத்தை எத்துணைப் பாராட்டினும் தகும்.

இனிக் குறைக்கு வருவோம். எதிரணி மறுக்காது விட்ட வாதம் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்பது இக்களத்தின் மரபு. பத்து வாதங்களை அடுக்கினால் எதிரி பத்துக்கும் விடை கூற வேண்டும். இருபது அடுக்கினால் திணறுவான். ஆகவே வேகம் வந்தது. இன்று முன்னணிக் களங்களில் நிமிடத்திற்கு 300 சொற்களுக்கு மேல் மூச்சுத் திணறப் பேசுகின்றனர். பயிலாதார் காதில் அது பேச்சாகவே விழாது. நடுவர் சான்றுகளைக் கணினித் திரையில் படித்துத் தொடர்கின்றார். மிகைபடக் கூறலை நன்னூல் குற்றமென்று வைத்தது. இங்கோ அது வெற்றிக்கு வழியாயிற்று.

வழி தவறென்று கண்டால் திருத்தலாமே எனின், தரவரிசை அதற்கு இடங்கொடுப்பதில்லை. 1925இல் தோன்றிய தேசியச் சொற்போர்க் கழகம் வென்றவருக்கு 6 புள்ளியும் தோற்றவருக்கு 3 புள்ளியும் வழங்கும் முறையைக் கையாண்டது. தோற்றவனும் பேசினான், அதனால் வளர்ந்தான் என்பது அதன் கருத்து. 1972இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வாகையர் போட்டி வேறு நெறியை வகுத்தது. குறிப்பிட்ட சில போட்டிகளில் குறிப்பிட்ட சுற்றை எட்டுவோர்க்கு ஒரு தகுதிச்சீட்டு. பொதுவாக இரு சீட்டு பெற்றோரே அங்கே நுழையலாம். இவற்றோடு, ஆர்பட் ஈலோ சதுரங்கத்துக்கு வகுத்த கணக்குமுறையைத் தழுவி அணிகளுக்கு எண் இடுவோரும் உளர்.

இவ்வெண்கள் எதை அளக்கின்றன? முதலாவது, பணப்பையை அளக்கின்றன. சீட்டு வழங்கும் போட்டிகள் மாநிலந்தோறும் சிதறிக் கிடக்கின்றன. வானூர்திக் கட்டணம், விடுதிச் செலவு, பயிற்சியாளர் ஊதியம் ஆகியவற்றைத் தாங்கும் பள்ளியே பல களங்களைக் காணும். உள்ளூரில் ஒருவரிடமும் தோலாத ஏழைப்பள்ளி அணியின் பெயர் பட்டியலில் இடம்பெறாமலே போகலாம். நகர்ப்புற எளிய மாணவர்க்காக 1985இல் அட்லாண்டாவில் பிறந்த நகர்ப்புறச் சொற்போர்க் கழக இயக்கம் இக்குறையைத் தணிக்க முயன்றது. 2020இல் பெருந்தொற்றால் போட்டிகள் இணையவழி நடந்தபோது பயணச் செலவும் நீங்கிற்று. ஆனால், களங்கள் மீண்டும் கூடங்களுக்குத் திரும்பவே, செலவும் உடன் திரும்பிற்று.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. பெரிய போட்டிகள் பலவற்றில், நடுவருள் எவர் வேண்டும், எவர் வேண்டா என்று அணிகளே முன்கூட்டி வரிசைப்படுத்தித் தருகின்றன. இரு தரப்பும் விரும்புவோரே அமர்த்தப்படுகின்றனர். அவர்களுட் பலர் அக்களத்திலேயே வளர்ந்த பழைய மாணவர்கள். அவையை அறிந்து அதற்கேற்பப் பேசுவது வள்ளுவர் கண்ட நெறி. தன் பேச்சுக்கேற்ற அவையைத் தேர்ந்துகொள்வது இவர்கள் கண்ட நெறி. அவ்வாறு தேர்ந்த அவையின் தீர்ப்புகளைக் கூட்டி வரும் எண்ணைச் சொல்வன்மையின் அளவு என்பது பொருந்துமா?

நுண்கலையை வல்லுநரே மதிப்பிட வேண்டும், சதுரங்க வீரனைத் தெருவில் போவோனா அளப்பான் என்று வினவுவர் சிலர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் சதுரங்கம் காய்களோடு முடிவது. அதற்குக் கேட்போர் வேண்டா. சொற்போரோ குடியாட்சிக்கு ஆளை ஆக்குவது. நாளை அம்மாணவன் நகர்மன்றத்திலும் வழக்குமன்றத்திலும் பேசப்போவது தன்னைப்போற் பயிலாத மக்களிடமே. இதனை உணர்ந்தே தேசியக் கழகமும் 2002இல், பொதுமக்களே நடுவராய் அமரத்தக்க பொதுமன்றச் சொற்போரைத் தோற்றுவித்தது.

பட்டியலே வேண்டா என்பது நம் கருத்தன்று. போட்டியின்றி உழைப்பு பிறத்தல் அரிது. நூலகத்தில் மாதக்கணக்கில் அரசியலும் பொருளியலும் பயிலும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஓர் ஊக்கம் வேண்டும். ஆயின், அணியின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் அது எத்தனை களம் கண்டது, எத்தகைய நடுவர் முன் பேசியது என்பனவும் இடம்பெறட்டும். சில சுற்றுகளிலேனும் ஊர்ப் பெரியவரும் வணிகரும் தாய்மாரும் நடுவராய் அமரட்டும். அவர்கள் முன்னும் வெல்லும் அணியே முதலிடத்துக்கு உரியது. அவர்களுக்கு விளங்காத பேச்சு ஆயிரம் புள்ளி பெறினும் பேச்சாகாது.