ஆறு தொட்டி, அரை டன் பாரம்

சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆறு கண்ணாடித் தொட்டிகள் தரையிலேயே இருந்தன. குனிந்து குனிந்து தண்ணீர் மாற்றி இடுப்பு போனபின், மூன்று தட்டு வைத்து மரத்தில் ஒரு தாங்கி அடிக்க முடிவு செய்தேன். முதலில் கணக்குப் போட்டேன். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 70 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் தொட்டி ஒன்று 85 கிலோவுக்குக் குறையாது. ஆறுக்கும் அரை டன். புத்தக அலமாரி அடிக்கிற நினைப்போடு இந்த வேலையைத் தொடக்கூடாது.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். வண்ணமீனுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் தாங்கி என்றால் பெரும்பாலும் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டுதான். வெல்டிங் பட்டறையில் அளவைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். அதுவும் வேண்டாமென்றால் செங்கல் அடுக்கி, மேலே கடப்பைக்கல். மரத்தை அவர்கள் விட்டதற்குக் காரணம் உண்டு. தேக்கு விலை கட்டாது. பெட்டி அடிக்கும் மலிவுப் பலகை பாரம் தாங்காது, கரையானுக்கும் தப்பாது. ஒரு காலத்தில் வீட்டுக் கூரையைச் சுமந்த பனையை இப்போது நினைத்தபடி வெட்ட முடியாது. ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அது நல்ல முடிவு. ஆனால் கடலோர ஊரின் உப்புக் காற்றும் நாள்தோறும் சிந்தும் தண்ணீரும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. பற்றவைத்த மூட்டில்தான் துரு முதலில் ஏறும். பெயின்ட் அதை மறைத்துக்கொண்டே இருக்கும்.

இலங்கையிலும் மரத்துக்குக் காவல் உண்டு. பலா, ஈரப்பலா போன்ற மரங்களை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. இருந்தும் மரம் பார்க்கும் கண் அங்கே மங்கவில்லை. தென்னையில் அடிமரத்தின் வெளிவட்டம்தான் வைரம், நடுப்பகுதி சோறு. பனையும் அப்படியே. எனவே சலாகை வாங்கும்போது அது மரத்தின் எந்தப் பகுதியில் அறுத்தது என்று புரட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். யாழ்ப்பாண நண்பர் ஒருவரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். குறுக்குச் சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து ஆணியால் முடுக்கியிருந்தேன். பார்த்தவுடனே சொன்னார்: “தம்பி, ஆணி பிடிச்சு வைக்கத்தான், சுமக்க இல்லை. மரத்துக்கு மேல மரம் இருந்து பாரம் நிலத்துக்கு இறங்க வேணும்.”

நான் கற்றதில் மிகப் பெரியது அதுதான். காலில் வெட்டு எடுத்துச் சட்டத்தை அதில் உட்காரவைத்தால், அல்லது ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் ஒரு துண்டுக்கட்டையைத் தரைவரை முட்டுக் கொடுத்தால், ஆணியின் வேலை அசையாமல் பிடிப்பதோடு முடிந்துவிடும். முன்பின்னாகச் சாய்வதைப் பக்கங்களில் அடிக்கும் குறுக்குக் கட்டையும், இடம்வலமாகச் சாய்வதை முதுகில் அடிக்கும் பிளைவுட்டும் தடுக்கும். கொளத்தூரில் கற்க வேண்டியது வேறு: தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரிப்பது. பலகையின் சிறு மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்வதால் அடிக்கண்ணாடி விரிவதில்லை. இலங்கையர் அதை ரெஜிபோம் என்பார்கள்.

இனி நம் ஊர். பால்மரத்தில் தாங்கி செய்ய வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். கெடாத் தோட்டங்களில் நம் பெற்றோர் விடியலில் சீவிய மரம், ஓய்ந்தபின் மறுநடவுக்கு வெட்டப்பட்டு நாற்காலியும் மேசையுமாகிறது. பலகை அழகாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். ஆனால் அதில் மாச்சத்து அதிகம். அதனால் துளைப்புழுவும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். போராக்ஸ் கலவையில் பதப்படுத்தியே விற்கிறார்கள். ஓயாமல் ஈரம் பட்டால் அந்த மருந்தும் கரைந்து போகும். மனம் கேட்கவில்லைதான், ஆனாலும் மீன்தொட்டிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டுக்கு நான்கு அங்குல மெராந்திச் சட்டத்தை நன்றாகக் காயவிட்டு, அறுத்த முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துப் பயன்படுத்துங்கள். ஈரத்தரையைத் தொடும் கால்முனைக்குச் செங்கால் மரத்துண்டு போடுங்கள்.

1929இல் தெரணியகல விவரித்துப் பெயரிட்ட செர்ரி பார்ப் மீன், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கு மட்டுமே உரியது. இன்று என் இரண்டாம் தட்டில் அது நீந்துகிறது. அதன் நிறத்தைப் பார்க்க வருகிற பிள்ளைகள் தாங்கியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அடுத்து அடிக்கப் போகிறவர்களே, மீனை விடுமுன் வெறும் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் பொறுத்திருங்கள். ரசமட்டத்தின் குமிழி நடுவிலிருந்து ஒரு நூல் நகர்ந்திருந்தாலும், தண்ணீரை இறக்கிவிட்டு மூட்டை மறுபடி பாருங்கள்.