பெய்ஜிங் முற்றவீட்டை ஃபெங் சுய் கண்ணோடு ரசிப்பது எப்படி?

நம் ஊர்க் கடைகளில் ஃபெங் சுய் என்றால் சிரிக்கும் புத்தர், மூன்று கால் தவளை, கண்ணாடி ஜாடியில் மூங்கில். அந்தக் கலை பிறந்த மண்ணில், பெய்ஜிங்கின் பழைய முற்றவீடுகளில், அது சுவராகவும் திருப்பமாகவும் வெட்டவெளியாகவும் வெயிலாகவும் இருக்கிறது. சிஹேயுவான் எனப்படும் அந்த வீடுகளை ரசிக்க ஜோதிட அறிவு எதுவும் தேவையில்லை. எந்த வரிசையில் நடப்பது, எங்கே நின்று எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் போதும்.

சுற்றுலா போகிறவர்கள் உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய நல்ல வீடு ஒன்று ஹூகுவோசி தெருவில் இருக்கிறது. பீக்கிங் ஆபெராவில் பெண் வேடங்களுக்குப் பேர்போன மெய் லான்ஃபாங் தம் கடைசி ஆண்டுகளில், 1961 வரை, அங்கே வாழ்ந்தார். 1986 முதல் அது நினைவு இல்லம்.

முதலில் வடக்கு எது என்று பாருங்கள்

ஃபெங் சுயின் மூல நூல்களில் ஒன்றான ‘ஸாங் ஷூ’, 4ஆம் நூற்றாண்டுக்காரரான குவோ பூவின் பெயரில் வழங்குகிறது. இறந்தவரை அடக்கம் செய்ய இடம் தேர்வது பற்றிய நூல் அது. ச்சி என்னும் உயிர்ச்சக்தி காற்றடித்தால் சிதறிவிடும், நீரைக் கண்டால் நின்றுவிடும் என்பது அதன் அடிப்படை. எனவே முதுகுக்கு மலை, இரு பக்கமும் அணைத்தாற்போல் குன்றுகள், முன்னால் திறந்த வெளியும் நீரும் அமைந்த இடமே உத்தமம். பின்மலையைக் கரிய ஆமை என்றும், கிழக்குக் குன்றை நீல டிராகன் என்றும், மேற்கை வெண்புலி என்றும், முன்வெளியைச் செம்பறவை என்றும் அழைத்தார்கள்.

வீடு கட்டவும் இதே இலக்கணம்தான். ஆனால் நெரிசலான நகரத் தெருவில் மலைக்கு எங்கே போவது? சிஹேயுவான் அந்த நிலக்காட்சியைத் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டது. வடக்கே உயர்ந்து நிற்கும் தலைமைக் கட்டு மலையின் இடத்தில் இருக்கிறது. கிழக்கு, மேற்குக் கட்டுகள் இரண்டு குன்றுகள். நடுமுற்றம் திறந்த வெளி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கூரைகளின் உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வடக்குக் கூரை ஏன் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கிறது என்பது சட்டென்று விளங்கும்.

இந்த அமைப்புக்குப் பின்னால் பெய்ஜிங்கின் வானிலை இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று வீசும். அதனால் வடக்குச் சுவரில் சன்னல்கள் அநேகமாக இருக்காது. தலைமைக் கட்டின் சன்னலும் கதவும் தெற்குப் பார்த்தே திறக்கும். டிசம்பர் பிற்பகுதியில் அங்கே நண்பகல் சூரியன் ஏறத்தாழ 27 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுகிறது. சாய்ந்த வெயில் அறையின் உள்வரை நுழையும். ஜூனில் 73 டிகிரி வரை ஏறுவதால் அதே வெயிலை இறவாரம் தடுத்துவிடும். மதிய வேளையில் போனால் நிழல் எந்தக் கல்லில் முடிகிறது என்று பாருங்கள். கட்டியவரின் கணக்கு அந்த விளிம்பில் தெரியும்.

வாசலில் நின்று திருப்பத்தைக் கவனியுங்கள்

தெற்குப் பார்த்த வீட்டின் தலைவாசல் சுவரின் நடுவில் இருக்காது, தென்கிழக்கு மூலையில் இருக்கும். கோடைக்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. நகரத்தின் நிலமும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. மழைநீர் வடிய அதுவே வழி. நம் வாஸ்துவிலோ தென்கிழக்கு அக்னி மூலை, அடுப்புக்கு உரியது. ஒவ்வொரு மரபும் தன் மண்ணையும் வானத்தையும் பார்த்தே திசைகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறது.

நிலைப்படியைத் தாண்டியதும் எதிரே ஒரு சுவர் வழிமறிக்கும். செங்கல்லில் பூவும் கொடியும் செதுக்கிய மறைப்புச் சுவர் அது. ச்சி நேர்கோட்டில் பாய்ந்து வந்தால் கெடுதல் என்பது ஃபெங் சுயின் உறுதியான நம்பிக்கை. தெருக்குத்து வீட்டை வாங்கத் தயங்கும் நமக்கு அந்த அச்சம் புதிதல்ல. அந்தச் சுவர் முன் கொஞ்சம் நில்லுங்கள். தெருவின் பார்வையும் புழுதியும் அங்கே நின்றுவிடுகின்றன. உள்ளே போக நீங்கள் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். அந்த ஒரு திருப்பத்தில் நடை தளர்கிறது, குரலும் தணிகிறது. வெளியாள் விருந்தாளியாவது அங்கேதான்.

இரண்டாம் வாசலில் பொறுமை

அடுத்து வரும் குறுகலான வெளிமுற்றத்தில், தெருவுக்கு முதுகு காட்டிய அறைகள் வேலையாட்களுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் உரியவை. அதன் நடுவே இரண்டாம் வாசல். கூரையின் இரு பக்கமும் அந்தரத்தில் தொங்கும் மரத்தூண்களின் நுனியில் தாமரை மொட்டுப் போன்ற செதுக்கல் இருக்கும். அண்ணாந்து பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். வாசலுக்குள் இன்னொரு மரத்தடுப்பு. கல்யாணம் போன்ற பெரிய காரியங்களுக்கு மட்டுமே அதைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் பக்கவாட்டில் சுற்றித்தான் போக வேண்டும்.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலையும் இருந்தது. வசதியான வீட்டுப் பெண்கள் இரண்டாம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய வழக்கம். வடக்கு அறைகள் பெரியவர்களுக்கு, கிழக்கு மூத்த மகனுக்கு, மேற்கு இளையவர்களுக்கு. காற்றையும் வெயிலையும் பகிர்ந்தளித்த கட்டடம் அதிகாரத்தையும் அதே வரிசையில்தான் பகிர்ந்தது. அழகை ரசிக்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நடுமுற்றத்தில் எதுவும் இல்லாததைப் பாருங்கள்

உள்முற்றத்தின் நடுவில் போய் நில்லுங்கள். மூன்று கட்டுகளும் உங்களைப் பார்த்தே நிற்கும். மேலே சதுரமாய் வானம். வீட்டின் மிக மதிப்பான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். எல்லா அறைகளும் வெளிச்சத்தையும் காற்றையும் அங்கிருந்தே வாங்குகின்றன. ஓரத்தில் மாதுளை, தொட்டியில் தங்கமீன், அவ்வளவே அலங்காரம். எழுத்தாளர் லாவோ ஷே 1950 முதல் 1966 வரை வாழ்ந்த வீடும் இன்று நினைவு இல்லம். அங்கே அவர் நட்ட இரண்டு பெர்சிமன் மரங்களை இலையுதிர்காலத்தில், காய் பழுக்கும் பருவத்தில் பார்ப்பது நல்லது.

இந்த வெட்டவெளியின் அருமை தெரிய, பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பழைய வளாகங்களையும் பாருங்கள். 1949க்குப் பின் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் குடியேறின. 1976 தாங்ஷான் நிலநடுக்கத்தின்போது முற்றங்களில் போட்ட தற்காலிகக் குடிசைகள் பல இடங்களில் நிலைத்துவிட்டன, சமையலறைகளும் சேர்ந்துகொண்டன. சுவரும் கூரையும் அப்படியே இருக்க, முற்றம் சந்தாகிப்போனது. இடத் தட்டுப்பாட்டில் வாழ்ந்தவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நடுவெளி போனதும் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் இருண்டன.

உங்கள் வீட்டுக்கு எதைக் கொண்டுவரலாம்?

செல்வம் சேரும், நோய் விலகும் என்ற வாக்குறுதிகளுக்கு நிரூபணம் கிடையாது. கண்ணும் உடம்பும் நேரடியாக உணரும் நிம்மதிக்கு நிரூபணம் தேவையில்லை. அடுக்குமாடி வீட்டிலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

• வாசற்கதவைத் திறந்ததும் வீடு முழுக்கத் தெரிந்தால், ஒரு புத்தக அலமாரியையோ தட்டியையோ குறுக்கே வைத்து ஒரு திருப்பத்தை உண்டாக்குங்கள்.

• கட்டிலின் தலைமாடும் வேலை செய்யும் நாற்காலியின் முதுகும் சுவரை ஒட்டி இருக்கட்டும். கதவு கண்ணில் பட வேண்டும், நேரெதிரே இருக்கக் கூடாது.

• கூடத்தின் நடுவை அடைக்காதீர்கள். சாமான்கள் ஓரங்களுக்குப் போகட்டும்.

• பெய்ஜிங்கின் திசைகளை அப்படியே இங்கே நகலெடுக்காதீர்கள். சென்னையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. மாலை வெயில் மேற்குச் சுவரைக் காய்ச்சுகிறது. உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அதன்படி கட்டிலையும் திரைச்சீலையையும் இடம் மாற்றுங்கள்.

தவளைப் பொம்மை வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தச் சன்னல் வழியே வருகிறது, வீட்டில் இருப்பவர்கள் தாமாகவே எந்த மூலையில் போய் உட்காருகிறார்கள் என்று குறித்துவையுங்கள். சிஹேயுவானைக் கட்டியவர்களும் இப்படிப் பார்த்துப் பார்த்தே தங்கள் விதிகளை வகுத்திருப்பார்கள். அந்தக் கவனம் வந்துவிட்டால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதன் சமநிலை எங்கே இருக்கிறது, எங்கே குலைகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.