இருபது சென்டிமீட்டர் பலகையும் இரண்டு மீட்டர் காற்றும்

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஆடவர் மும்முறை தாண்டுதல் முடிந்தபோது பட்டியல் இப்படி இருந்தது: எல்தோஸ் பால் 17.03 மீட்டர், அப்துல்லா அபூபக்கர் 17.02, பெர்முடாவின் ஜா-நாய் பெரின்சீஃப் 16.92, பிரவீன் சித்திரவேல் 16.89. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர். நம் தமிழ்நாட்டு வீரர் பிரவீனுக்கு வெண்கலம் கைநழுவியது மூன்று சென்டிமீட்டரில். முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் மொத்தமே 14 செ.மீ. (1960-ல் போலந்தின் யூசெஃப் ஷ்மிட் உலகிலேயே முதன்முதலாக 17 மீட்டரைக் கடந்தபோது தாண்டியதும் இதே 17.03தான் என்பது ஒரு வேடிக்கை.)

இந்த 14 செ.மீ.யை இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். வீரர்கள் எம்பும் பலகையின் அகலம் 20 செ.மீ. பலகையின் எந்த இடத்தில் கால் பட்டாலும் அளவு எடுக்கப்படுவது மணல் குழிப் பக்கம் உள்ள அதன் விளிம்பிலிருந்துதான். ஒருவர் விளிம்பை ஒட்டி எம்பியிருக்கலாம், இன்னொருவர் பலகையின் பின்பாதியிலிருந்து எம்பியிருக்கலாம். உண்மையில் அதிக தூரம் பறந்தவர் யார் என்பதை முடிவுப் பட்டியல் சொல்வதே இல்லை. உலக அளவிலான ஒரு போட்டிக்கு இது தகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் மருந்து எனக்கு ஒப்புதல் இல்லை.

பலகைக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான சாட்சி 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப். அமெரிக்காவின் கிறிஸ்டியன் டெய்லர் தன் கடைசி வாய்ப்பில் 18.21 மீட்டர் தாண்டினார். ஜோனதன் எட்வர்ட்ஸின் 18.29 உலக சாதனைக்கு எட்டு சென்டிமீட்டர்தான் குறை. டெய்லரின் ஷூ முனைக்கும் கோட்டுக்கும் இடையே பத்து சென்டிமீட்டருக்கும் மேல் இடைவெளி இருந்ததை மறு ஒளிபரப்பில் எல்லோரும் பார்த்தார்கள். பறந்த தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் எட்வர்ட்ஸைத் தாண்டிவிட்டார். ஏட்டில் இன்றும் எட்வர்ட்ஸின் பெயர்தான்.

விதி இதற்குப் பிறகு தளரவில்லை, இறுகியது. முன்பெல்லாம் கோட்டுக்கு அப்பால் சாய்வாகப் பிளாஸ்டிசின் பூசியிருப்பார்கள். அதில் ஷூவின் தடம் விழுந்தால் ஃபவுல். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டால் வீரர் திரும்பி நடந்து வந்து, குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போவார். ஷூ முனை கோட்டைத் தாண்டி நீண்டிருந்தாலும் தடம் படாத வரை பிழைத்துக்கொள்ளலாம் என்ற சிறிய சலுகையும் அதில் இருந்தது. 2021 நவம்பரிலிருந்து அதுவும் போயிற்று. கோட்டின்மேல் செங்குத்தாக ஒரு சுவர் நிற்பதாகக் கொள்ளவேண்டும். ஷூவின் எந்தப் பகுதி அதைக் கடந்தாலும் ஃபவுல். பெரிய போட்டிகளில் அதைக் கேமராவே சொல்லிவிடுகிறது.

இப்படி இறுக்கிய அதே உலகத் தடகள அமைப்பு 2024-ல் நீளம் தாண்டுதலில் பலகையையே எடுத்துவிட்டு, அகலமான ஒரு பட்டையில் கால் பட்ட இடத்திலிருந்து அளக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. முந்தைய ஆண்டு புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பின் நீளம் தாண்டுதலில் மூன்றில் ஒரு பங்கு தாண்டல்கள் ஃபவுலாகப் போயின, பார்ப்பவர்களுக்கு அது சலிப்பு என்பது அவர்கள் சொன்ன காரணம். நீளம் தாண்டுதல் ஜாம்பவான் கார்ல் லூயிஸ் அதை ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கை என்று கேலி செய்தார். நீளம் தாண்டுதலுக்குச் சரியென்றால் மும்முறைக்கும் சரி என்று அடுத்துச் சொல்லத்தானே போகிறார்கள்?

நான் பலகையின் பக்கம். நொடிக்குப் பத்து மீட்டரை ஒட்டிய வேகத்தில் நாற்பது மீட்டர் ஓடிவந்து, வேகம் ஒரு துளியும் குறையாமல், ஒரு சாண் அகலப் பலகையில் காலை வைப்பது தனியொரு வித்தை. மும்முறை தாண்டுபவருக்கு அது இன்னும் கடினம். எம்பிய காலிலேயே இறங்க வேண்டும், அடுத்து மறுகாலில், அதன் பிறகே மணல். பலகைக்காகக் கடைசி இரண்டு எட்டுகளை ஒருவர் வெட்டிச் சுருக்கினால் அந்தத் தடுமாற்றம் ஹாப், ஸ்டெப், ஜம்ப் மூன்றிலும் தொடர்ந்து வந்து தூரத்தைத் தின்னும். பலகையை எடுத்துவிட்டால் ஓட்டமும் எம்பலும் இரண்டு தனி வேலைகளாகிவிடும். இப்போது அவை ஒரே வேலை. டெய்லர் அன்று இழந்தது சாதனையை மட்டும்தான், தங்கம் அவர் கழுத்தில்தான் இருந்தது. அவர் துல்லியத்தில் விட்டதற்கு விலை கொடுத்தார், அவ்வளவே.

சரி, இந்தத் துல்லியத்தை ஒரே ஒரு தாண்டலில் சோதித்தால் அது கொடுமை. ஆறு வாய்ப்பு தந்து சோதிப்பதால்தான் அது விளையாட்டாகிறது. இந்தப் போட்டி முறையின் மிகப் பெரிய பலம் அந்த ஆறுதான் என்பேன். முதல் மூன்று எல்லோருக்கும், அடுத்தவை முன்னணியில் நிற்பவர்களுக்கு, ஆறில் எது சிறந்ததோ அது கணக்கு. இந்த எளிய ஏற்பாடு எத்தனை விதமான மாலைப்பொழுதுகளுக்கு இடம் தருகிறது பாருங்கள்.

1995 கோதன்பர்க்கில் எட்வர்ட்ஸ் முதல் தாண்டலில் 18.16, இரண்டாவதில் 18.29. இரண்டும் உலக சாதனைகள். காற்றின் உதவி வரம்புக்குள் இருக்க 18 மீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவர். அந்த 18.29-ஐப் பிரித்தால் ஹாப் 6.05, ஸ்டெப் 5.22, ஜம்ப் 7.02. நடுவில் உள்ள அந்த 5.22-ஐ நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். புதிதாய்த் தாண்டுகிறவர்கள் ஹாப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஸ்டெப்பில் சும்மா காலை ஊன்றி எடுப்பார்கள். அன்று போட்டி இரண்டாவது சுற்றோடு முடிந்துபோனது என்றே சொல்லலாம். மற்றவர்கள் மிச்சத்தைச் சம்பிரதாயத்துக்குத் தாண்டினார்கள்.

அதற்கு நேர்மாறானது 1968 மெக்சிகோ ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் இத்தாலியின் ஜூசெப்பே ஜென்டிலே 17.10 தாண்டி, எட்டு ஆண்டுகள் நின்ற ஷ்மிட்டின் சாதனையை உடைத்தார். மறுநாள் இறுதிச் சுற்றில் அவரே 17.22. பிறகு ஜார்ஜியாவிலிருந்து வந்த சோவியத் வீரர் விக்டர் சனேயெவ் 17.23. பிரேசிலின் நெல்சன் புருடென்சியோ 17.27. கடைசிச் சுற்றில் மறுபடியும் சனேயெவ் 17.39. ஒரே போட்டியில் மூன்று பேர் ஐந்து முறை உலக சாதனை படைத்தார்கள். இரண்டு முறை சாதனையாளராக இருந்த ஜென்டிலேவுக்குக் கடைசியில் கிடைத்தது வெண்கலம். 2013 மாஸ்கோவில் பிரான்ஸின் டெடி டாம்கோ 18.04 தாண்டியதும் கடைசி வாய்ப்பில்தான். 2025 டோக்கியோவில் இத்தாலியின் அந்திரேயா தல்லவாலே ஆறாவது சுற்றில் 17.64 தாண்டி முன்னால் போனார்; அதே சுற்றில் போர்ச்சுகலின் பெத்ரோ பிச்சார்தோ 17.91 என்று பதில் சொல்லித் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் கண்ணெதிரே வைத்துக்கொண்டே டைமண்ட் லீக்கில் ஒரு விபரீத முயற்சி நடந்தது. 2021-ல் முதல் மூவர் மட்டும் ஆறாவது தாண்டலுக்குப் போவார்கள், அந்த ஒரு தாண்டலில் யார் அதிக தூரமோ அவரே வெற்றியாளர் என்று வைத்தார்கள். முதல் ஐந்து சுற்றில் எவ்வளவு தூரம் தாண்டியிருந்தாலும் கணக்கில் இல்லை. தொலைக்காட்சிக்குப் பரபரப்பு வேண்டும் என்ற கவலையில் பிறந்த யோசனை. வீரர்கள் முகம் சுளித்தார்கள், அது நிலைக்கவில்லை. பரபரப்பு வேண்டும் என்றால் கூட்டத்தைப் பேசவைக்க வேறு வழி உண்டு. 1981-ல் ஸ்டாக்ஹோமில் வில்லி பேங்க்ஸ் தாண்டப் போகும்போது பார்வையாளர்கள் தாளம் போட்டுக் கைதட்டியதுதான் இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அதற்கு எந்த விதியும் திருத்தப்படவில்லை.

ஆறு வாய்ப்பிலும் ஒரு குறை உண்டு, அது உடம்பு தரும் விலை. ஹாப்பிலிருந்து இறங்கும் அந்தக் கணத்தில் ஒரு கால் தாங்குவது உடல் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல். டெய்லர் முழங்கால் வலியால் எம்பும் காலையே மாற்றிக்கொண்டவர், பெய்ஜிங்கின் 18.21 அந்த மாற்றுக்காலில் வந்தது. 2021-ல் குதிகால் தசைநாண் அறுந்து டோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். டாம்கோவின் காலமும் காயங்களோடே கழிந்தது. தகுதிச் சுற்று, இறுதிச் சுற்று என்று மூன்று நாட்களுக்குள் ஒன்பது தாண்டல் வரை கேட்பது அதிகம்தான். ஆனாலும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் காற்று.

இந்தப் போட்டி முறையின் உண்மையான ஓட்டை காற்றில்தான் இருக்கிறது. பலகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் அதைப் பேசுவதில்லை. 100 மீட்டரில் எட்டுப் பேரும் ஒரே காற்றில் ஓடுகிறார்கள். தாண்டுதலில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காற்று. பின்னாலிருந்து நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் வீசினால் சாதனையாக ஏற்கமாட்டார்கள், பதக்கத்துக்கு மட்டும் அது செல்லும். எட்வர்ட்ஸ் 1995-ல் லில் நகரில் தாண்டிய 18.43 இந்த வரம்பைச் சற்றே மீறியதால் சாதனை ஏட்டில் ஏறவில்லை, போட்டியில் வென்றது. மெக்சிகோவில் இறுதிச் சுற்றின் கடைசி மூன்று சாதனைகளுக்கும் காற்று சரியாக 2.0 என்று பதிவாகியிருக்கிறது. மூன்று தடவையும் வரம்பின் விளிம்பில் வந்து நின்ற அந்தக் காற்றை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அளக்கும் முறையைப் பாருங்கள். வீரர் பலகைக்கு 35 மீட்டர் முன்னால் உள்ள குறியைக் கடந்ததும் கருவி ஓடத் தொடங்கும், ஐந்து விநாடி அளந்து சராசரி சொல்லும். அந்த ஐந்து விநாடியின் பெரும்பகுதி ஓட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வீரர் உண்மையில் காற்றில் இருக்கும் மூன்று கட்டங்களின் கணிசமான பகுதி அளவைக்கு வெளியே போய்விடுகிறது. எதிர்க்காற்றுக்கோ ஈடே கிடையாது. 1996 அட்லாண்டாவில் கென்னி ஹாரிசன் 18.09 தாண்டி ஒலிம்பிக் சாதனை படைத்தது -0.4 காற்றில். 2023 மே மாதம் ஹவானாவில் பிரவீன் 17.37 தாண்டி இந்திய சாதனை படைத்தபோது எதிரே 1.5 மீட்டர் காற்று. பின்காற்றோடு வரும் 17.37-ம் இதுவும் ஏட்டில் ஒன்றே. அதே ஆண்டு ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலத்துக்குப் போதுமானதாக இருந்தது 17.40. பிரவீனோ தகுதிச் சுற்றோடு திரும்பினார். அது காற்றின் குற்றமல்ல, அவருடைய நாள் சரியில்லை.

ஆகவேதான் ஆறு வாய்ப்பு. கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருக்க, ஓடுபாதையோரக் காற்றுப் பையைப் பார்த்துக்கொண்டே வீரர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பை தொங்கினால் புறப்படுவார், எதிரே ஆடினால் இன்னும் பத்து விநாடி பொறுப்பார். ஒரு தாண்டலில் காற்று கெடுத்தாலும் ஆறிலும் கெடுக்காது என்ற நம்பிக்கையில்தான் முழுப் போட்டியும் நிற்கிறது. வாய்ப்பைக் குறைக்கக் குறைக்க அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். டைமண்ட் லீக் யோசனை இந்த வகையிலும் தவறு.

தீர்க்க முடியாததைத் தீர்ப்பதாகப் பாவனை செய்யும் விதிகள் என்ன ஆகும் என்பதற்கு 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இருக்கிறது. நடுவே ஓய்வில் இருக்கும் கால் தரையில் உரசினாலே ஃபவுல் என்று அப்போது விதி. ஆஸ்திரேலியாவின் இயன் காம்ப்பெல், பிரேசிலின் ஜோவாவ் கார்லோஸ் டி ஒலிவேரா இருவருடைய தாண்டல்களும் வரிசையாக ஃபவுல் என்று அறிவிக்கப்பட்டன. காம்ப்பெல்லின் மிக நீண்ட தாண்டல் இந்த உரசல் குற்றத்தால் போயிற்று. தங்கமும் வெள்ளியும் சோவியத் வீரர்களான யாக் உத்மேவுக்கும் சனேயெவுக்கும் போயின, ஒலிவேராவுக்கு வெண்கலம். நடுவர்கள் நேர்மையாக நடந்தார்களா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கண்ணால் சரிபார்க்க முடியாத ஒன்றைக் குற்றமாக்கியதே மூலக் கோளாறு. அந்த விதி பிறகு நீக்கப்பட்டது, போட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

நாடு மாறிய வீரர்கள் புதிய நாட்டுக்காகக் களமிறங்கக் காத்திருக்க வேண்டும் என்ற விதி வேறொரு வகைக் குறை. கியூபாவில் பிறந்த ஜோர்டான் தியாஸ் 2021-ல் ஸ்பெயினில் தங்கிவிட்டார். 2024 ஜூனில் ரோமில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 18.18 தாண்டி, 18.04 தாண்டிய பிச்சார்தோவையே இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். இடையில் யூஜின், புடாபெஸ்ட் என்று இரண்டு உலக சாம்பியன்ஷிப்புகள் அவர் இல்லாமலே நடந்து முடிந்தன. பாரிஸ் ஒலிம்பிக் மேடையில் 17.86 தியாஸ், 17.84 பிச்சார்தோ, 17.64 இத்தாலியின் ஆண்டி தியாஸ் என நின்ற மூவரும் கியூபாவில் பிறந்தவர்கள். கியூபாவின் பெயர் மட்டும் அந்த மேடையில் இல்லை.

பாரிஸிலும் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர். பலகையில் எந்த இடத்தில் கால் பட்டது என்பதைக் கேமரா ஏற்கெனவே துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃபவுலைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தகவலைப் பயன்படுத்துகிறார்கள். அதே தகவலை முடிவுப் பட்டியலில் தூரத்துக்கும் காற்றுக்கும் பக்கத்தில் மூன்றாவது கட்டமாக அச்சிட்டால் போதும்: பலகையில் விட்டது இத்தனை சென்டிமீட்டர் என்று. பதக்கம் இன்றுபோலவே கோட்டிலிருந்து அளந்தபடி போகட்டும். அடுத்த முறை பிரவீன் மூன்று சென்டிமீட்டரில் தவறவிட்டால், அது ஓட்டத்தில் விட்டதா தாண்டலில் விட்டதா என்பது அவருடைய பயிற்சியாளருக்கு அன்றிரவே தெரிந்திருக்கும்.