மிரளும் குதிரையும் மூலிகைப் பொடியும்

மிரளும் குதிரையை அடக்க இன்று ஊசி இருக்கிறது. சைலசின் போட்டால் சில நிமிடங்களில் தலை தொங்கிவிடும். லாடம் கட்டலாம், பல் ராவலாம். சீன மரபைப் பின்பற்றும் கால்நடை மருத்துவரோ அதே குதிரைக்கு மூலிகைப் பொடியைத் தீவனத்தில் கலந்து வாரக்கணக்கில் கொடுக்கச் சொல்கிறார். வேகத்தை அளவுகோலாக வைத்தால் மூலிகைக்குத் தோல்விதான். ஆனால் அந்த மருத்துவத்தை ரசிக்க வேண்டிய இடம் வேறு. மருந்தைத் தேர்வதற்கு முன் அது குதிரையை எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்பதில்தான் அதன் கலை இருக்கிறது. அந்தப் பார்வையை விலக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் பொடி.

மிங் அரசர் காலத்தில், 1608இல், யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்கள் தொகுத்த 'யுவான் ஹெங் லியாவ் மா ஜி' இம்மரபின் தலையாய குதிரை மருத்துவ நூல். கழுத்தடியில் நாடி பார்ப்பதும், உதட்டைப் புரட்டி ஈறு, நாக்கின் நிறம் பார்ப்பதும் அது வகுத்த தேர்வு முறைகளில் முக்கியமானவை. மனத்தெளிவுக்கு இருப்பிடம் இதயம் என்பது இம்மரபின் கொள்கை. அச்சத்தைச் சிறுநீரகத்தோடும், சினத்தைக் கல்லீரலோடும் அது சேர்த்துச் சொல்லும். ஆகவே நிலைகொள்ளாத இரண்டு குதிரைகளுக்கு ஒரே மருந்து கிடையாது. நாக்கு சிவந்திருந்தால் இதயத்தில் சூடு. வெளுத்திருந்தால் இரத்தக் குறைவு. முன்னதற்குக் குளிர்ச்சி, பின்னதற்கு ஊட்டம். இந்த உறுப்புக் கணக்கை இன்றைய உடலியல் ஏற்காது. ஆயினும் 'பதற்றம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் குதிரைக்குக் குதிரை பிரித்துப் பார்க்கும் ஒழுக்கத்தை அது மருத்துவருக்குப் பழக்குகிறது.

மருந்தைச் சேர்ப்பதிலும் அதே நுட்பம்தான். மனிதரின் தூக்கமின்மைக்கு எழுந்து, இன்று விலங்குகளுக்கும் பயன்படும் சுவான் சாவ் ரென் கஷாயத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த யோகம் இது, சரக்கு ஐந்தே. நம் இலந்தைக்கு உறவான காட்டு இலந்தையின் விதைப்பருப்பு தலைமை ஏற்கிறது. பைன் வேரில் வளரும் ஒரு பூஞ்சை அதற்குத் துணை நிற்கிறது. ஒரு கிழங்கு சூட்டைத் தணிக்க, இன்னொன்று இரத்தம் தேங்காமல் ஓட்ட, அதிமதுரம் எல்லாவற்றையும் இணக்குகிறது. உடம்பெல்லாம் வியர்த்து, சதை நடுங்கித் தலையாட்டும் குதிரைக்கு அளித்த 'ஜூ ஷா' சூரணத்திலும் கசப்பான குளிர் மூலிகையோடு பலம் தரும் வேர் ஒன்று சேர்கிறது. மிருகத்தை அடக்கும்போதே அதன் வலுவையும் காப்பது அந்தச் சேர்க்கையின் நோக்கம்.

அந்தச் சூரணத்தின் பெயரே சாதிலிங்கத்தைக் குறிப்பது; சாதிலிங்கமோ பாதரச உப்பு. பழமை என்பதற்காக அதைக் காப்பாற்ற முடியாது, விட்டுவிடத்தான் வேண்டும். மற்ற மூலிகைகளுக்காவது சான்று உண்டா என்று கேட்பார்கள். இலந்தை விதையின் சாறு எலிகளுக்கு உறக்கம் தருவதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. எலிக்குச் சரியென்றால் குதிரைக்கும் சரி என்றாகாது. குதிரைகளிடம் முறையாக நடந்த சோதனைகள் மிகக் குறைவு. இயற்கைப் பொருள் என்ற சமாதானமும் நிற்காது. நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும், அமைதிப்படுத்தும் மருந்தான ரெசர்பின் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்த மறுப்புகள் மருந்தைத் தொடுகின்றனவே தவிர, பார்வையைத் தொடவில்லை. குதிரையின் இரைப்பை இரை இல்லாதபோதும் அமிலம் சுரக்கும். நாளெல்லாம் மேய்வதற்கென்று அமைந்த பிராணி அது. லாயத்தில் தனியே அடைத்து, புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் இரைப்பையில் புண் வரலாம். இருப்புக் கொள்ளாமல் உடலை ஆட்டும், மரத்தைக் கவ்வும். வாயைத் திறந்து பார்த்து, கழுத்தில் விரல் வைத்து, தீனியைப் பற்றி நிதானமாக விசாரிக்கும் மருத்துவருக்கு அந்த உண்மையும் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

எனவே குதிரை வைத்திருப்பவர்கள் முதலில் வயிற்றையும் புல்லையும் துணையையும் கவனிக்கட்டும். அதன்பிறகும் பதற்றம் தணியாவிட்டால், குதிரையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மூலிகைக்கு இடம் உண்டு. பார்க்காமலே கடையில் வாங்கிக் கலக்கும் 'அமைதிப் பொடி' எந்த நாட்டுப் பெயரைச் சுமந்தாலும் இந்த மரபைச் சேர்ந்ததல்ல.